வெள்ளை மண்ணின் புதிய கணக்கு

பழைய வீடுகளின் மீட்டர் பெட்டிக்கு அடியில் வெள்ளையாக ஒரு பீங்கான் துண்டு இருக்கும். கரண்ட் போனால், எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அங்கே எரிந்தால், வீட்டில் யாராவது ஸ்டூல் போட்டு ஏறி அந்தத் துண்டைப் பிடுங்குவார்கள். உள்ளே கம்பி கருகியிருக்கும். புதுக் கம்பி சுற்றிச் செருகியதும் மின்விசிறி மறுபடி ஓடும். கடைக்காரருக்கு அது ஃப்யூஸ் கேரியர், வீட்டுக்காரருக்கு ஃப்யூஸ் கட்டை. அதைச் செய்து அனுப்பிய ஊர்களில் விருத்தாசலமும் ஒன்று. தாழ்வழுத்த மின்கம்பிக்கான இன்சுலேட்டர், ஊறுகாய் ஜாடி, சாமி பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று அதன் சரக்குப் பட்டியல் நீளும்.

புது வீடுகளில் அந்தக் கட்டைக்கு இடமில்லை. எம்.சி.பி. வந்துவிட்டது. சூடேறினால் வளையும் ஈருலோகப் பட்டை ஒன்று, மின்னோட்டம் எகிறினால் சட்டென்று இழுக்கும் காந்தச் சுருள் ஒன்று; இவை இரண்டும் ஒரு சின்னப் பெட்டிக்குள். ஜெர்மனியில் ஹ்யூகோ ஸ்டாட்ஸின் நிறுவனம் 1924இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. நம் வீட்டுச் சுவருக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது, வந்ததும் ஒரு பட்டறைத் தொழிலையே ஓரம்கட்டியது. மின்பாதைகளில் பீங்கான் தொங்கிய இடங்களுக்கு சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டர்கள் வந்தன. ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போனது. விருத்தாசலத்துக்குப் போட்டி குஜராத்தின் மோர்பியும் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவும்தான் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, வேறு ஏதோ துறையின் ஆய்வுக்கூடத்தில் யாரோ செய்து முடித்த வேலை.

அப்படியென்றால் ஆராய்ச்சி இந்த ஊருக்கு எதிரியா? ஒரு பொருளைச் சந்தையிலிருந்து தூக்கியெறிந்த அதே அறிவியல், அந்தப் பொருளின் மண்ணுக்கு இன்னொரு பக்கத்தில் விலை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது. இயற்பியல், கணிதம், பொறியியல், வேதியியல் என்று எந்தத் துறையின் அண்மைக்கால முன்னேற்றத்தை எடுத்தாலும் ஏதோ ஓரிடத்தில் அது சுட்ட மண்ணைத் தொட்டுவிட்டுப் போகிறது.

மண்ணிலிருந்தே தொடங்கலாம். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது, பிறகு அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது, 1956இல் நிறுவனம் உருவானது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். நிலக்கரிக்கு மேலே என்ன இருந்தது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கடலூர் மணற்கல் என்று நிலவியலார் அழைக்கும் அடுக்குகளும், அவற்றினூடே வெள்ளைக் களிமண்ணும் இருந்தன. நெய்வேலியின் தொடக்கத் திட்டத்தில் சுரங்கம், அனல்மின் நிலையம், உர ஆலை இவற்றோடு களிமண் கழுவும் ஆலையும் ஓர் உறுப்பு. அந்த மண்ணுக்குப் பக்கத்து ஊராக இருந்ததால்தான் விருத்தாசலத்தில் அரசு செராமிக் மையமும் தொழிற்பேட்டையும் வந்தன. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசுப் பயிலகமும் இங்கே இருக்கிறது. பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் ரயில்வே ஜங்ஷனும் மட்டுமே அடையாளமாக இருந்த ஊருக்கு இன்னோர் அடையாளம் கிடைத்தது.

சூளைக்குள் நடப்பது

பீங்கானுக்கு வேண்டியவை மூன்று: வெள்ளைக் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ். மூன்றையும் பால் மில்லில் தண்ணீரோடு அரைத்து, கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, ஓரத்தில் மண் படிகிறது. காயவைத்துச் சுட்டால் பொம்மை. கேட்க எளிது.

சூளைக்குள் நடப்பது எளிதல்ல. வெள்ளைக் களிமண்ணின் முக்கியக் கனிமம் கயோலினைட். அது எவ்வளவு காய்ந்திருந்தாலும் அதன் எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் நீராக வெளியேறக்கூடியது. வெயிலுக்கு அந்த நீர் அசையாது, ஏனென்றால் அது படிகத்தின் உறுப்பாகவே பிணைந்திருக்கிறது. 500, 600 டிகிரி செல்சியஸில்தான் கழன்று போகும். போனபின் மிஞ்சுவது மெட்டாகயோலின் என்ற, ஒழுங்கு குலைந்த பொருள். இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கட்டுரையின் கடைசியில் இதற்கு வேலை இருக்கிறது.

573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் படிக வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அந்த நொடியில் பருமனும் மாறும். சூடேறும்போதும் சரி, ஆறும்போதும் சரி, இந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் பண்டம் விரிசல் விடும். சூளையைச் சீக்கிரம் திறக்காதே என்று பழைய ஆட்கள் புதிய ஆட்களை அதட்டுவதற்குப் பின்னால் இந்த 573 இருக்கிறது. ஆயிரம் டிகிரி வாக்கில் முல்லைட் என்ற ஊசிப் படிகங்கள் உருவாகத் தொடங்கும். இன்னும் மேலே போனால் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைக்கும். 1,200 டிகிரியைத் தாண்டி வெளியே வரும்போது பண்டம் நீளத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். அச்சு செய்பவர் இதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்கிறார்.

விரிசலின் கணிதம்

இரும்பு வளையும், பீங்கான் உடையும். ஏன் என்று 1920 வரைக்கும் யாரும் உருப்படியாகச் சொல்லவில்லை. அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பைக் கணக்கிட்டால் கண்ணாடியும் பீங்கானும் இப்போது இருப்பதைப்போலப் பல மடங்கு உறுதியாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் இருந்த கிரிஃபித், கண்ணாடி இழைகளை இழுத்து அறுத்துப் பார்த்து விடை கண்டார். பொருளுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஏற்கெனவே இருக்கின்றன, விசை அவற்றின் முனையில் குவிகிறது. வலிமை, விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். விரிசலை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் வலிமை இரட்டிக்கும். பால் மில்லில் மண்ணை இன்னும் நைஸாக அரை, கூழில் குமிழி விடாதே என்பதெல்லாம் இந்தச் சூத்திரத்தின் பட்டறை வடிவம்.

அடுத்த கேள்வியை ஸ்வீடன் பொறியாளர் வேய்புல் எடுத்துக்கொண்டார். ஒரே மண், ஒரே சூளை, ஒரே நாள். ஆனாலும் ஒரு துண்டு 100 கிலோ தாங்குகிறது, இன்னொன்று 70 கிலோவில் போய்விடுகிறது. எது எப்போது உடையும்? 1939இல் அவர் சொன்னது இது: சங்கிலியின் வலிமை அதன் மிக நைந்த கண்ணியின் வலிமை. பண்டம் பெரிதாகப் பெரிதாக, அதற்குள் மோசமான விரிசல் ஒன்று ஒளிந்திருக்கும் வாய்ப்பும் கூடும். துண்டுக்குத் துண்டு வலிமை எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் வேய்புல் எண் 10 உள்ள ஒரு பீங்கானை எடுத்துக்கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் பருமன் எட்டு மடங்காகும். அதன் சராசரித் தாங்குதிறன், சின்னத் துண்டோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். பெரிய பொம்மை ஏன் அதிகம் வீணாகிறது என்பதற்கு ராசியைக் குறை சொல்ல வேண்டாம், கால்குலேட்டரே போதும். இன்று விமான என்ஜின் உறுப்பிலிருந்து செயற்கை இடுப்பு மூட்டு வரை இந்த வேய்புல் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் செராமிக்கை நம்புவதில்லை. சின்னத் தொழிற்பேட்டைகளில் மட்டும் உடைந்த துண்டை எண்ணாமல் குப்பையில் கொட்டுகிறோம். முப்பது துண்டை வரிசையாக உடைத்து, எத்தனை கிலோவில் உடைந்தது என்று நோட்டில் எழுதினாலே போதும், அந்த மாதத்து மண்ணின் யோக்கியதை தெரிந்துவிடும்.

விரிசலை மடக்க இன்சுலேட்டர் செய்பவர்களுக்கு ஒரு தந்திரம் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலே பூசும் கிளேஸ், உள்ளிருக்கும் உடலைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்கும்படி பார்த்துக்கொண்டால், ஆறியதும் மேற்பரப்பு அழுத்தத்தில் இருக்கும். விரிசல் வாய் திறக்க முதலில் அந்த அழுத்தத்தைத் தாண்ட வேண்டும். கிளேஸ் பளபளப்புக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதன் பாதி வேலையைத்தான் பார்க்கிறார்கள்.

விரிசலை வேறு விதமாக மடக்கியவர்கள் ஆஸ்திரேலியர்கள். 1975இல் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, இது செராமிக் எஃகா என்று கேட்டது. சிர்கோனியாவின் படிகம் ஒன்றை இயல்பு வெப்பநிலையில் உருமாறாமல் நிறுத்திவைக்கிறார்கள். விரிசல் நெருங்கியதும் அந்தப் படிகம் உருமாறி, பருமனில் சுமார் 4 சதவீதம் உப்பி, விரிசலை நெருக்கி மூடுகிறது. இப்போது பல் மருத்துவர்கள் “சிர்கோனியா கேப் போட்டுக்கலாமா?” என்று கேட்பது இந்தச் சரக்கைத்தான். இதற்கு மூலமான சிர்கான் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பிரித்தெடுக்கப்படுகிறது.

அதே சிர்கோனியாவில் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு கலந்தால் படிகத்துக்குள் ஆக்சிஜன் இல்லாத காலி இடங்கள் உண்டாகும். சூடாக்கினால் ஆக்சிஜன் அயனிகள் அந்தக் காலி இடங்களில் தாவித் தாவி மறுபக்கம் போகும். எரிபொருளை எரிக்காமல் மின்சாரமாக்கும் திட ஆக்சைடு எரிகலத்தின் அடிப்படை இது. திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர்.ஸ்ரீதர், அரிசோனா பல்கலைக்கழகத்தில் செவ்வாயின் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கருவியில் வேலை செய்தார். பிறகு அதே வேலையைத் தலைகீழாகத் திருப்பி, 2001இல் இன்றைய ‘ப்ளூம் எனர்ஜி’யைத் தொடங்கினார். செவ்வாய்க் கனவும் வீண்போகவில்லை. 2021 ஏப்ரலில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி என்ற பெட்டி, திட ஆக்சைடு தகடுகளைக் கொண்டு செவ்வாயில் முதன்முறையாக ஆக்சிஜன் எடுத்தது. முதல் ஓட்டத்தில் 5 கிராம் சொச்சம், மொத்தத்தில் 122 கிராம். அளவு சிறிதுதான். ஆனால் வேற்றுக்கிரகத்தில் மூச்சு தயாரித்தது செராமிக் தகடு என்பதை விருத்தாசலத்துப் பயிலகத்தில் சேரும் மாணவரிடம் யாராவது முதல் நாளே சொல்ல வேண்டும்.

மற்ற துறைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். 1986இல் பெட்னார்ஸும் முல்லரும் கண்ட உயர்வெப்ப மீகடத்தி ஒரு செராமிக், மறுவருடமே நோபல் பரிசு. 1985இல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையின் கார்பைடு எரிபொருளும் செராமிக்தான். 2007 ஜனவரியில் இஸ்ரோ விண்ணுக்கு அனுப்பித் திரும்ப அழைத்த எஸ்.ஆர்.இ.-1 கலம், வங்கக் கடலில் எரியாமல் வந்து விழுந்ததில் சிலிகா ஓடுகளுக்குப் பங்கு உண்டு.

நெருப்பின் விலை

பீங்கான் தொழிலின் பெருஞ்செலவு நெருப்பு. இங்கேதான் அண்மைக்கால ஆராய்ச்சி மூச்சு வாங்க வைக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ரிஷி ராஜின் குழு 2010இல், சிர்கோனியா தூள்கட்டிக்குக் குறுக்கே மின்புலம் கொடுத்து, 850 டிகிரி சூளையில் 5 நொடிக்குள் அதை இறுகவைத்தது. வழக்கமான முறையில் இதற்கு 1,450 டிகிரியும் சில மணி நேரமும் வேண்டும். 2016இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் ராண்டல் குழு கொஞ்சம் ஈரமும் அழுத்தமும் சேர்த்து 300 டிகிரிக்குக் கீழேயே சில செராமிக்குகளை இறுக்கிக் காட்டியது. 2020இல் மேரிலாண்டின் லியாங்பிங் ஹூ குழு, கார்பன் தகடுகளுக்கு நடுவே வைத்துப் பத்து நொடி வாக்கில் முடித்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே அகல் விளக்கைப் பத்து நொடியில் சுட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இவை பெரும்பாலும் விரல் நுனி அளவுத் துண்டுகள். பெரிய பண்டத்தில் மின்னோட்டம் ஒரு பக்கமாக ஓடி ஒரு மூலை உருகும், மறுமூலை பச்சையாக நிற்கும். சின்னச் சூளைக்கு இன்று காசு மிச்சம் பிடித்துத் தருவது செய்தித்தாள் தலைப்புக்கு வராத ஆராய்ச்சி: கனமான செங்கல் சுவருக்குப் பதில் செராமிக் இழை உள்பூச்சு, எடை குறைந்த அடுக்குத் தட்டுகள். பழைய பாணிச் சூளையில் பண்டத்தைச் சூடாக்குவதைவிடச் சுவரையும் தட்டையும் புகையையும் சூடாக்கவே அதிக எரிபொருள் போகிறது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் இதே எச்சரிக்கை. 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட், 22 லட்சம் புதிய படிகங்களைக் கணினி கணித்துவிட்டது, அவற்றில் 3,80,000 நிலையானவை என்று அறிவித்தது. சில வேதியியலாளர்கள் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் எத்தனை உண்மையிலேயே புதிது, எத்தனை பயன்படும் என்று கேட்டார்கள். காகிதத்தில் இருப்பது சூளையிலிருந்து அப்படியே வெளிவராது என்பது எந்தச் சூளைக்காரருக்கும் தெரிந்த சங்கதிதான்.

பழம்பெருமைக்கும் இங்கே இடமுண்டு, அளவோடு. பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூரில் உருக்கு எஃகு செய்த மூசைகளின், அதாவது உலோகம் உருக்கும் மண்கலங்களின், சிதறல்களை அடையாளம் கண்டவர் ஆய்வாளர் ஷாரதா ஸ்ரீனிவாசன். தெலங்கானாப் பகுதியின் அத்தகைய மூசைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த தெல்மா லோவும் குழுவினரும், மண்ணோடு நெல் உமி கலந்து சுட்டதில் முல்லைட் இழைகள் பின்னி வலுவூட்டியிருப்பதை 1990களின் தொடக்கத்தில் எழுதினார்கள். இழையால் வலுவூட்டிய செராமிக் கூட்டுப்பொருள் என்று இன்று விண்வெளித் துறை பெருமையாகச் சொல்வதன் பாட்டன் அது. 2020இல் வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள், கீழடியின் கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் பானைகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டதாக ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் எழுதினார்கள். உடனே கீழடிக்காரருக்கு நானோ தொழில்நுட்பம் தெரியும் என்று வாட்ஸ்அப் கிளம்பியது. அந்தக் குயவருக்கு நானோ தெரியாது. பூச்சு நிற்கும் சூடு எது என்று தெரிந்திருந்தது, அதுவே பெரிய அறிவு.

அரியலூருக்குப் போகும் வழியில்

இனி மெட்டாகயோலினுக்கு வருவோம். உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரியில் சுட்டுக் கிளிங்கர் ஆக்கும்போது, எரிபொருள் புகையைவிடக் கல்லுக்குள்ளிருந்தே அதிகம் வெளிவருகிறது. எவ்வளவு நல்ல எரிபொருள் போட்டாலும் அது நிற்காது. கிளிங்கரைக் குறைப்பதே வழி.

சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தில் கேரன் ஸ்க்ரிவனர், கியூபாவில் மார்ட்டிரேனா, இந்தியாவில் டெல்லி, சென்னை ஐ.ஐ.டி. குழுக்கள் எல்லாம் சேர்ந்து உருவாக்கியது எல்.சி.3 என்ற சிமென்ட். கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. சுட்ட களிமண்ணிலுள்ள அலுமினா, சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து வினைபுரிந்து, துளைகளை அடைக்கும் புதிய படிகங்களைத் தருகிறது. கரியமில வாயு 30 முதல் 40 சதவீதம் வரை குறையும். களிமண்ணை 700, 800 டிகிரியில் சுட்டால் போதும். 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்குத் தனித் தரநிர்ணயமும் வெளியிட்டுவிட்டது.

இந்தச் செய்தியில் எனக்கு மிகவும் பிடித்தது, இதற்குப் பீங்கான் தரத்து வெள்ளை மண் தேவையில்லை என்பது. கயோலினைட் 40 சதவீதம் இருந்தாலே போதும். இரும்பு கலந்து சிவந்த மண், பொம்மைக்கு ஆகாது என்று ஒதுக்கிய மண், சுரங்கத்தில் நிலக்கரிக்காக அள்ளி ஓரம் கொட்டிய மேல்மண் எல்லாமே பரிசோதிக்கத் தகுந்தவை. விருத்தாசலத்தில் கார்டு லைன் ரயில் ஏறினால் ஒரு மணி நேர வாக்கில் அரியலூர். அங்கே சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஆலைகள். ஒரு பக்கம் களிமண், மறுபக்கம் சுண்ணாம்பு, நடுவே தண்டவாளம். எல்.சி.3க்கு இதைவிட வாகான வட்டாரம் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் சிமென்ட் கேட்பது லட்சக்கணக்கான டன். பொம்மைச் சூளையில் அதைச் சுட முடியாது, சுழல் உலைகள் வேண்டும், அது பெரிய ஆலைகளின் வேலை. விருத்தாசலத்துக்குக் கிடைக்கக்கூடியது வேறு: எந்தக் குவியலில், எந்த ஆழத்தில், எந்த மண் தேறும் என்று சொல்லும் சோதனைச்சாலையாக அது மாறலாம். அதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு மஃபிள் உலையும் நல்ல தராசும் இருந்தால் தொடங்கிவிடலாம். காயவைத்த மண்ணை 350 டிகிரியில் வைத்து நிறுக்க வேண்டும். பிறகு 600க்கு ஏற்றி மறுபடி நிறுக்க வேண்டும். சுத்தமான கயோலினைட் என்றால் 100 கிராமில் 14 கிராம் போகும். ஆகவே 5.6 கிராம் குறைந்தால் 40 சதவீதம், மண் தேறியது. நெய்வேலிப் பக்கத்து மண்ணில் ஒரு சிக்கல் உண்டு. நிலக்கரித் துகள் கலந்திருந்தால் அதுவும் எரிந்து எடையைக் குறைத்து, மண் தேறியதாகப் பொய் சொல்லும். அதனால் கரித்துகளைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். கடைசியாக, சுட்ட மண்ணைச் சுண்ணாம்போடு பிசைந்து, சின்னக் கட்டிகள் வார்த்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்க்க வேண்டும். டிப்ளமோ இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேருக்கு ஒரு பருவத்து புராஜெக்ட் இது.